துலக்காத காசுகள்: தாண்டிக்குடிப் பரணில் கிடைத்த 78 வெள்ளிக் காசுகள்

சென்ற ஐப்பசியில், நாலு நாள் அடைமழை ஓய்ந்த ஒரு காலையில் கொடைக்கானல் மலைப்பக்கத் தாண்டிக்குடியிலிருந்து நண்பர் போன் செய்தார். "அம்மா பெட்டியப் பரண்ல இருந்து இறக்குனோம். உள்ள வெள்ளி ரூபாயா கெடக்கு. நீ வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ." பண்ணைக்காட்டிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு காரியங்கள் நடந்து முடிந்திருந்தன. இந்த ஆய்வில் என்னால் சொல்ல முடிந்ததும் முடியாமல் போனதும் அந்த இரண்டையும் பொறுத்தே அமைந்தன.

முதல் காரியம், எண்ணிப் பார்த்த 78 காசுகளில் ஏழு காசை நண்பரின் தம்பி மலையிலிருந்து கீழே கொண்டுபோய் ஒரு நகைக்கடையில் எடைக்கு விற்றுவிட்டார். இரண்டாவது, மிச்சமிருந்த 71-இல் 20 காசுகளைப் புளியும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். ஜமுக்காளத்தில் பரப்பி வைத்திருந்த காசுகளில் அந்த இருபது மட்டும் எவர்சில்வர் மாதிரி பளீரென்று கண்ணைப் பறித்தன. மற்றவை கரியும் நீலமும் பழுப்புமாகக் கிடந்தன. "அழுக்கா இருந்துச்சேன்னு துலக்குனோம்ணே, மீதியையும் துலக்கிரவா?" என்று தம்பி கேட்டார். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன்.

நான் 22 வருடமாக ஆங்கிலேயர் காலத்து வெள்ளிக் காசு சேர்க்கிறேன். ஒரு வீட்டுச் சேமிப்பு இத்தனை காசோடு முழுதாகக் கண்ணில் படுவது அபூர்வம். சந்தைக்கு வரும்போது அவை பத்துக் கை மாறி, தரம் பிரித்து, கலந்து வரும். எந்த வீட்டில், எந்தப் பையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதெல்லாம் போயிருக்கும். எனக்குக் காசின் விலையை விட அந்த விவரம்தான் பெரிது. அதனால் முதலில் நான் கேட்டது அவர்கள் அக்காவிடம்: "எதுல இருந்துச்சுக்கா?"

வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த அக்கா, பெட்டி பிரித்த அன்று கூடவே இருந்தவர். "ரெண்டு எடத்துல இருந்துச்சு தம்பி. பித்தளைச் செம்புக்குள்ள ஒரு சுருக்குப்பை. அது அப்பத்தா மாமியாரோடதுன்னு அம்மா சொல்லும். இன்னொண்ணு தகர டப்பா. அதுலயும் ரூபாயும் சில்லறையும் இருந்துச்சு. எண்ணறதுக்காக ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டோம்."

ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். அந்த வார்த்தையில் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் அங்கேதான் வேலையும் ஆரம்பித்தது.

என்ன இருந்தது

71 காசும் அரசர் வாரியாகப் பிரித்தபோது கிடைத்த கணக்கு இது. 1840 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாய் 6. 1862 என்று போட்டவை 9. 1877 முதல் வந்த, ராணி பெயரோடு 'எம்ப்ரஸ்' என்று பொறித்த பேரரசி ரூபாய் 14. ஏழாம் எட்வர்டு 11. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 17, அவர் காலத்து அரை ரூபாயும் நாலணாவும் சேர்த்து 5. ஆறாம் ஜார்ஜ் ரூபாய் 9. கிரீடம் இல்லாத எட்வர்டை அப்பத்தா 'மொட்டைத்தலை ராஜா' என்பாராம். அக்காவுக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

1835-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னால் சென்னை, வங்காளம், பம்பாய் என்று மாகாணத்துக்கு ஒரு நாணயம் ஓடியது. அந்தச் சட்டம்தான் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுக்க ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது: எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி செம்பு. 180 கிரெயின் என்பது அந்தக் கால எடை அளவில் சரியாக ஒரு தோலா. அதனால்தான் ரூபாயையே எடைக்கல்லாக வைத்து வியாபாரம் நடந்தது. பழைய வைத்திய ஏடுகளில் 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்று வருவதும் இந்தக் கணக்குத்தான். இந்த அளவு 1939 வரை மாறவில்லை. 1940-இல் போர் நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, 40 பங்கு செம்பும் நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து பங்கும் சேர்த்தார்கள். எடையும் அளவும் அப்படியே இருந்தன. விளிம்பு வரிக்கு நடுவில் ஒரு பள்ளம் ஓடும். நகத்தால் தடவினாலே புதிய ரூபாய் தெரிந்துவிடும்.

உரைகல் போட நான் சம்மதிக்கவில்லை. அதற்குப் பதில் தண்ணீர்ச் சோதனை செய்தேன். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிக்கொள்ள வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். நல்ல பழைய ரூபாய்க்கு 10.3 பக்கம் வர வேண்டும்; ஆறாம் ஜார்ஜின் பாதி வெள்ளிக்கு 9.5 பக்கம்.

ஒரு 1862 ரூபாய் தேய்ந்து 11.38 கிராம் இருந்தது, தண்ணீரில் 1.10 காட்டியது, வகுத்தால் 10.35. சரி. ஒரு ஆறாம் ஜார்ஜ் 11.62 இருந்தது, தண்ணீரில் 1.22, வகுத்தால் 9.52. அதுவும் சரி. 1917 என்று போட்ட ஒரு ஐந்தாம் ஜார்ஜ் மட்டும் 11.10 கிராம் இருந்து 1.28 காட்டியது. அடர்த்தி 8.67. வெள்ளி இல்லை. அந்தக் காலத்திலேயே வார்த்த கள்ளக் காசு. உற்றுப் பார்த்தால் ராஜாவின் அங்கி மடிப்புகள் மெழுகு மாதிரி வழவழத்திருந்தன. விளிம்பில் அரம் போட்ட தடம் இருந்தது. மீதி எழுபதும் நல்ல காசு.

காசில் போட்ட ஆண்டு

பெரியவர், அதாவது என் நண்பர், 1840 ரூபாயைக் கையில் எடுத்து, "அப்ப 1840-லயே எங்க குடும்பத்துல வெள்ளி ரூபாய் பொழங்கியிருக்கு" என்றார். ஆசையைக் கெடுக்க மனமில்லை; ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். விக்டோரியாவின் முதல் ரூபாயில் 1840 என்ற ஆண்டை மாற்றாமலேயே 1861 வரை அடித்தார்கள். அதில் இரண்டு வகை உண்டு. ராணி தலைக்கு மேலே எழுத்து ஒரே வரிசையாக வளைந்து போனால் முந்தியது. 'விக்டோரியா' ஒரு பக்கமும் 'குயின்' மறு பக்கமுமாகப் பிரிந்திருந்தால் பிந்தியது, 1850-களுக்கு உரியது. இந்த வீட்டில் இருந்த ஆறும் பிரிந்த எழுத்து.

1862 ரூபாயும் அப்படித்தான். கம்பெனி போய் ராணியின் நேரடி ஆட்சி வந்த பிறகு அடித்த முதல் ரூபாய் அது. 1874 வரை அதே ஆண்டைத் தாங்கி வந்தது. பம்பாய் அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் இடத்தில், அடித்தவற்றில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். உண்மையான ஆண்டை அவற்றால் குறித்தார்கள் என்பது நாணய ஆய்வாளர்களின் கணிப்பு. காசில் 1862 என்று இருப்பதை வைத்து 1862-இல் வீட்டுக்கு வந்தது என்று சொல்லவே முடியாது.

பேரரசி ரூபாய் 14-இல் எட்டு, 1900, 1901 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கு உரியவை. இதற்குக் காரணம் மலையில் இல்லை. 1893 ஜூனில் இந்திய அரசு அக்கசாலைக் கதவைத் தனியாருக்கு மூடியது. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரூபாயாக வாங்கலாம். வெள்ளி விலை உலகச் சந்தையில் விழுந்துகொண்டே போனதால் அதை நிறுத்தி, ரூபாய்க்கு இங்கிலாந்துப் பணத்தில் ஒரு ஷில்லிங் 4 பென்ஸ் என்ற மதிப்பைத் தாங்கிப் பிடித்தார்கள். அடுத்த சில வருடம் ரூபாய் அடிப்பது வெகுவாகக் குறைந்தது. 1900-இல் மறுபடி பெரிய அளவில் அடித்தார்கள். அந்த ஏற்ற இறக்கம் அப்படியே இந்தச் சுருக்குப்பைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நல்ல ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 16-இல் பத்து 1916-லிருந்து 1919-க்குள் அடித்தவை. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சரக்கும் படையும் போனதற்கு ரூபாயில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது; வெள்ளி போதவில்லை. 1918-இல் அமெரிக்காவில் பிட்மன் சட்டம் போட்டு, கருவூலத்திலிருந்த வெள்ளி டாலர்களை உருக்கி, ஏறக்குறைய 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்திய நாணயத்துக்காக விற்றார்கள். மலைவாழைக் குலையும் காப்பிக்கொட்டையும் பொதிமாட்டில் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விற்ற பூட்டன் மடியில் முடிந்து வந்த ரூபாயில், உருகிய அமெரிக்க டாலரும் கலந்திருக்கக்கூடும். இதைச் சொன்னதும் பெரியவர் அந்த 1919 ரூபாயை ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

கறை சொன்ன சாட்சி

இனி முக்கியமான கேள்வி. எது சுருக்குப்பைக் காசு, எது டப்பாக் காசு?

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலாவது ரூபாயில், எட்வர்டின் கன்னத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில், கறுப்புக்குள் மெல்லிய சதுரக் கட்டங்கள் தெரிந்தன. குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடிய தடம். அடுப்புக்கு நேர் மேலே பரண்; பல பத்தாண்டுப் புகை துணி வழியாக இறங்கி வெள்ளியில் படிந்திருக்கிறது. நூல் அழுத்திய இடத்தில் ஒரு நிறம், இடுக்கில் ஒரு நிறம். துணியின் நெசவே காசில் அச்சாகிவிட்டது. வேறு சிலவற்றில் அது இல்லை; விளிம்பில் செம்மண் நிறத்தில் துரு ஒட்டியிருந்தது. வெள்ளி துருப்பிடிக்காது. அது டப்பாவின் தகரத் துரு.

கழுவாத 51 காசையும் அப்படிப் பிரித்தேன். நெசவுத் தடம் 33, துரு 12, எதுவும் சொல்ல முடியாதவை 6. துரு ஒட்டிய பன்னிரண்டில் அரை ரூபாய், நாலணா ஐந்தும் இருந்தன. ஆறாம் ஜார்ஜ் ஆறு இருந்தன. பாக்கி ஒன்று அந்தக் கள்ளக் காசு. நெசவுத் தடம் உள்ளவற்றில் 31 பழைய முழு வெள்ளி. இரண்டு மட்டும் ஆறாம் ஜார்ஜ்.

அரசாங்கம் 1940-க்குப் பிறகு முழு வெள்ளி ரூபாயைப் படிப்படியாகத் திரும்பப் பெற்றது. விக்டோரியா ரூபாய் 1941-லும், எட்வர்டு ரூபாய் 1942-லும், ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய் 1943-லும் செல்லுபடியை இழந்தன. கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் அதே மதிப்புக்குப் புதுக் காசோ நோட்டோ கிடைத்திருக்கும். இந்த வீடு கொடுக்கவில்லை. செய்தி மலைக்கு எட்டவில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பைக்குள் இரண்டு புதுக் காசு போயிருக்கிறதே. அப்படியானால் 1940-க்குப் பிறகும் அந்தப் பையை அவிழ்த்த கை ஒன்று இருக்கிறது. பாதி வெள்ளியைப் பெரும்பாலும் டப்பாவிலும் முழு வெள்ளியைப் பையிலும் வைத்த கை அது. கள்ளக் காசைப் பைக்குள் விடாமல் சில்லறையோடு ஒதுக்கியதும் அதே கையாக இருக்கலாம். அப்பத்தாவுக்குத் தராசும் தெரியாது, அடர்த்தியும் தெரியாது. அம்மிக்கல்லில் தட்டி ஓசை கேட்டிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். முழு வெள்ளி 'கணீர்' என்று இழுக்கும்; கள்ளக் காசு 'டொக்' என்று நின்றுவிடும்.

"அப்பத்தா தட்டித் தட்டிப் பாக்கும் தம்பி, நான் பாத்துருக்கேன்" என்றார் அக்கா.

கழுவிய இருபதும் எதில் இருந்தன என்று இனி ஒருவருக்கும் தெரியாது. அவற்றில் ஒரு ஆறாம் ஜார்ஜும் இருக்கிறது. அது பையிலா டப்பாவிலா? பையில் இருந்திருந்தால் இரண்டு மூன்றாகும். என் வாதம் இன்னும் உறுதிப்படும். டப்பா என்றால் அப்படியே நிற்கும். புளித்தண்ணீரோடு அந்தப் பதில் வாய்க்காலில் போய்விட்டது. துலக்கினால் காசின் விலை குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மை: பொடி தேய்த்த மயிரிழைக் கீறலை வெளிச்சத்தில் சாய்த்தாலே வாங்குபவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் கறை என்பது காசு கிடந்த இடத்தின் பதிவு. அது ஒருமுறை போனால் போனதுதான்.

இதோடு இன்னொரு தடமும் கிடைத்தது. எட்டுப் பத்துக் காசில் நடுவே கரிக்கோடு ஒன்று நேராக ஓடியது. யாரோ பின்னாளில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. அது வெள்ளியைத் தின்னும்.

விற்ற ஏழு

தம்பி விற்ற ஏழும் ராணி தலை என்று அவரே சொன்னார். கடையில் "பழைய காசு எல்லாம் பாதி வெள்ளிதான்" என்று சொல்லி அந்தக் கணக்கில் பணம் கொடுத்திருக்கிறார்கள். ராணி காசு ஒன்றில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. பாதிக் கணக்கில் 5.83. காசுக்கு ஏறக்குறைய 4.9 கிராம் வீதம், தேய்மானம் போக, ஏழுக்கும் 30 கிராமுக்கு மேல் வெள்ளி சும்மா போயிருக்கிறது. சேகரிப்பாளர் விலையை நான் சேர்க்கவே இல்லை.

பணத்தை விட அக்காவுக்கு வருத்தம் வேறு. அந்த ஏழில் ஒன்றில் மேலே வளையம் பற்ற வைத்திருந்ததாம். அப்பத்தா கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கிடந்த காசு. மூன்றாம் நாள் தம்பியோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். உருக்கியாகிவிட்டது என்றார்கள்.

ஆசையும் சட்டமும்

செல்போனில் பார்த்த வீடியோக்களால் தம்பிக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று எழுதிய காசுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்லும் வீடியோக்கள் அவை. அப்படி ஒரு நாணயத்தைக் கம்பெனி வெளியிட்டதே கிடையாது. பக்திக்காகவோ ஏமாற்றுவதற்காகவோ பின்னால் செய்த வில்லைகள். அதை வாங்கவோ விற்கவோ முன்பணம் கட்டச் சொன்னால் போனை வைத்துவிட வேண்டும்.

'பன்றி ரூபாய்' பற்றியும் கேட்டார். அது உண்மையான கதை. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் விருதுச் சங்கிலியில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்ததால் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 1912-இல் அச்சைத் திருத்தினார்கள். 1911 ரூபாய் கிடைத்தால் நல்லதுதான். இங்கே 17-இல் ஒன்றிலும் அந்த ஆண்டு இல்லை. அபூர்வமான ஆறாம் ஜார்ஜ் 1939 ரூபாயும் இல்லை. அபூர்வக் காசு என்று ஒன்றும் இந்தச் செம்பில் இல்லை என்பதைக் குடும்பத்திடம் நேராகவே சொன்னேன்.

சிங்கப்பூரில் இருக்கும் பேரன் பொங்கலுக்கு வரும்போது தன் பங்கைக் கையோடு கொண்டுபோவதாகப் பேச்சு இருந்தது. அது கூடாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. இந்த வீட்டில் ஆறாம் ஜார்ஜ் போக மற்ற ரூபாயில் எல்லாமே அந்த வரம்பைத் தாண்டிவிட்டன. இன்னொன்றும் சொன்னேன். இது பெட்டியில் இருந்த பரம்பரைச் சொத்து என்பதால் பிரச்சினை இல்லை. இதே செம்பு தரையைத் தோண்டும்போதோ சுவரை இடிக்கும்போதோ கிடைத்திருந்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பங்கு

இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு காசுக்கும் எண் கொடுத்து, இரு பக்கமும் படம் எடுத்து, எடை, ஆண்டு, அக்கசாலைக் குறி, கறையின் வகை எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். பெரியவரின் மகள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்; அவள்தான் எழுதினாள். ஒவ்வொரு காசும் கந்தகம் இல்லாத தனித்தனி உறைக்குள் போனது. மலையில் ஈரம் அதிகம் என்பதால் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறேன். பரண் வேண்டாம், அடுப்புப் புகை படும்.

எடைக்கு எடை மூன்றாகப் பிரிப்பதுதான் முதலில் பேச்சு. நோட்டைப் படித்துப் பார்த்த பிறகு பெரியவர் மனம் மாறினார். பைக்காசு 33-ஐயும் பிரிக்காமல் ஒரே தொகுதியாக வீட்டில் வைப்பது, மற்றதை மூவரும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. கழுவிய இருபதில் ஒரே ஆண்டு இரண்டு மூன்று இருந்தவற்றை விற்கத் தம்பிக்குச் சம்மதம் கொடுத்தார்கள். இந்த முறை சுத்த வெள்ளிக் கணக்கை எழுதிக் கையில் கொடுத்தனுப்பினேன்.

அக்கா தன் பங்கில் ஒரே ஒரு காசை மட்டும் முதலில் கேட்டு வாங்கினார். 1917 என்று போட்ட அந்தக் கள்ளக் காசு. திண்ணைக் கல்லில் ஒருமுறை தட்டி, ஓசையைக் கேட்டுவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார்.